காரி திரும்பி வரும் வீடு

விற்ற மாடு நாலு ஊர் தாண்டித் திரும்பி நடந்து வந்து பழைய கட்டுத்தரையில் நின்றதை எங்கள் சந்தைமேட்டில் பார்க்காதவர்கள் கிடையாது. அதனால், விற்ற மோட்டார் சைக்கிள் ஒன்று ஆளில்லாமல் தானாகத் திரும்பி வந்து மாரப்பன் வீட்டுக் கட்டுத்தரையில் நின்ற காலையில், பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்தவர்கள் தூக்குப்போசியைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை, "வழி தெரிஞ்ச வண்டியாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பால் சங்கத்துக்கு நேரமாகிறதென்று நடையைக் கட்டினார்கள். அலறியது ஒரே ஒருத்தி. அவள் பெயர் கலாமணி, மாரப்பனின் மருமகள். அந்த வண்டி போய்த் தொலைந்தால்தான் அவள் அந்த வீட்டை விட்டுப் போக முடியும்.

வண்டி அவளுடைய புருஷன் சென்னியப்பனுடையது. மாட்டுத் தரகர் மாரப்பனுக்கு ஒரே மகனாகப் பிறந்தும் அவனுக்கு மாட்டின் பல்லைப் பார்க்கத் தெரியாது, சுழி பார்க்கத் தெரியாது, தெரிந்ததெல்லாம் ஊர் சுற்றுவதுதான். பருத்தி வியாபாரத்தில் வந்ததையெல்லாம் கொட்டி, முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடியும் இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டியும் வைத்த கன்னங்கரேலென்ற பெரிய பயண வண்டி ஒன்றை வாங்கினான், பின்சீட்டில் கூடாரப் பையை வைத்து, அப்பன் மாட்டுக்குத் திரித்து வைத்திருந்த கற்றாழைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் மூன்று பக்கத்துக் கடலுக்கும் போய் வந்தான். மாரப்பன் அந்த வண்டியைக் காரி என்றுதான் சொல்லுவார். கறுப்பு மாட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பின்சீட்டில் கலாமணி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கேட்டால், "அடுத்த தடவை ரண்டு பேரும் போலாம்" என்பான். கெட்டவன் இல்லை, எந்த ஊரிலிருந்தும் போட்டோ அனுப்பாமல் இருக்கமாட்டான். ஆனால் அடுத்த தடவையும் அந்தச் சீட்டில் கூடாரப் பைதான் ஏறும், அவன் போன பின் அவள் கதவைச் சாத்துவாள், வாரக்கணக்கில் கழித்து ஆரன் சத்தம் கேட்டால் கதவைத் திறப்பாள், இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் தாராபுரத்தில் தையல் படித்ததைத் தவிர அவளுக்கு வேறு பிரயாணம் வாய்க்கவில்லை. பிள்ளையும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன சென்னியப்பன், கழுவாத கையோடு விழுந்து செத்துப்போனான். இமயமலையில் வராத சாவு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வந்தது.

அப்புறம் காரியும் விழுந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். டயர் வெடித்து, சங்கிலி துருவேறி, டேங்க் நசுங்கி, சீட்டு கிழிந்து, புகைக்குழாயில் எலி குட்டி போட்டு, மழை வெயில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கட்டுத்தரையில் மாடுகளோடு மாடாக நின்றது. அப்போதுதான் தையல் வகுப்பில் கூடப் படித்த மெர்சி தூத்துக்குடியிலிருந்து பேசினாள். துறைமுகத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள், ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை, மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, சன்னலைத் திறந்தால் கடல்.

"ஆடிக்குள்ள வந்துரு. அதுக்கு மேல ஆச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும், கோவிச்சுக்கிடாத" என்றாள் மெர்சி.

கலாமணி மாமனாரிடம் போய் நின்றாள். மாரப்பன் தடுக்கிற ஆள் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டே நெடுநேரம் கட்டுத்தரையைப் பார்த்தார்.

"போறதுன்னா போ அம்மிணி. ஆனா உம் புருசனோடத ஒண்ணைக் கட்டுத்தரைல நிறுத்தி வெச்சுட்டு நீ போகப்படாது. தீனி போடற கையி போறதுக்கு முன்னால, நிக்கறது போகோணும். நம்மூட்டு வழக்கம் அது."

"அதுக்கென்னங் மாமா, ஒரு வாரத்துல வித்துப்போடறேன்" என்றாள் கலாமணி. பாவம், அப்போது அவளுக்கு அது சின்ன விஷயமாகத்தான் தோன்றியது.

போனில் படம் எடுத்துப் போட்டாள். 'பழைய பயண வண்டி. ஓடாது. நிறைய வேலை இருக்கிறது. ஆசை இருப்பவர்கள் வரவும்' என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஊரில் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்பவில்லை, ஆனால் துருப்பிடித்ததைத் தேடி அலைகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை நாங்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். முதலில் சேலத்து வாத்தியார் ஒருத்தர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், மண்டியிட்டு அடியில் பார்த்தார், கண் கலங்கிப்போய், "பொறந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டு வந்துடுவேங்க" என்றார். குட்டியானைச் சரக்கு வண்டியில் காரியைத் தூக்கி ஏற்றினார்கள். கட்டுவதற்கு, பின்சீட்டில் கிடந்த கற்றாழைக் கயிற்றை வாத்தியார் எடுக்கப் போனபோது, மாரப்பன் அதை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கயிறு குடுக்கற வழக்கமில்லீங். வாங்கறவங்கதான் கொண்டு வரோணும்."

சந்தையில் எல்லாரும் சொல்லுகிற சொல்தான் அது. மாட்டை விற்றால் மாடு மட்டும்தான் போகும், கட்டியிருந்த கயிறு விற்றவன் வீட்டுக்குத் திரும்பும், இல்லாவிட்டால் கட்டுத்தரையின் ராசியும் கூடவே போய்விடும் என்பார்கள். தினம் காதில் விழுகிற பேச்சு என்பதால் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் கடையில் வேறு கயிறு வாங்கினார். மாரப்பன் பழையதை வாசல் சுவர் ஆணியில் மாட்டினார். கலாமணி அன்று சாயந்திரமே துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் காரி வந்து நின்றது. இரண்டு சக்கரத்திலும் புத்தம் புது டயர், அவ்வளவுதான் வித்தியாசம். இன்ஜின் அப்போதும் இறுகிப்போய்த்தான் இருந்தது, ஆனால் தொட்டால் சுட்டது. ஓடாத வண்டி எப்படி வந்தது என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் பதில் சொல்லமாட்டார்கள், வந்தது என்றுதான் சொல்லுவார்கள். வாத்தியார் பஸ் ஏறி வந்தார், சண்டை போடத்தான் வந்தார், வண்டி நிற்கிற அழகைப் பார்த்ததும் சத்தம் அடங்கிவிட்டது. டயரைக் கழற்றிக்கொள்ளலாமென்று ஸ்பானர் போட்டார், ஒரு போல்ட்டும் அசையவில்லை. கலாமணி அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நாச்சிமுத்து கடையில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பிறகு பாலக்காட்டுக்காரர் வாங்கினார். வண்டி சங்கிலியும் பிரேக்கும் புதிதாக மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது, பெட்டியில் ஒரு சிப்பம் நேந்திரங்காய் வறுவல் இருந்தது. ஊட்டிப் பக்கத்துப் பாதிரியார் வாங்கினார். சீட்டுக்குத் தோல் தைத்துக்கொண்டு வந்தது, பெட்டி நிறையக் கேரட்டு. கோயமுத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் வாங்கி, இன்ஜினைப் பிரித்துக் கடைந்து பூட்டி, முதல் தடவை உதைத்து ஸ்டார்ட் செய்ததுதான் தாமதம், அவர் கண்ணெதிரிலேயே கிளம்பி வந்துவிட்டது. கரூர்க்காரர் ஒருத்தர் அதற்குச் செக்கச்செவேலென்று பெயின்ட் அடித்தார். திரும்பி வந்ததைப் பார்த்து, "மாரப்பண்ணா, இனிமே இது செவலைதானே?" என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, "நெறத்த மாத்துனாச் சுழி மாறுமாடா? காரிதான்" என்று மாரப்பன் எரிந்து விழுந்தார்.

வாங்கினவர்கள் ஒவ்வொருவரும் ஆசை ஆசையாக ஒன்றைச் சரிசெய்ய, வண்டி அதை உடம்பில் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. அவர்களும் கோபித்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் கைவேலையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள், கட்டுத்தரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் கார்பரேட்டரைப் பற்றிப் பேசினார்கள், நாச்சிமுத்து டீக்கடைக்குப் பின்னால் கூரை இறக்கி மெஸ் ஆரம்பித்தார். வண்டி ராத்திரியில் எந்நேரம் வரும் என்று தெரியாததால், பால் சங்கத்துச் செயலாளர் மாரப்பன் வீட்டு வாசலில் சொந்தச் செலவில் விளக்குப் போட்டுக் கொடுத்தார்.

அதோடு விட்டார்களா? அடுத்தது யாருக்கு விற்பது என்பதையும் ஊரே முடிவு செய்ய ஆரம்பித்தது. கடலோரத்து ஆளுக்கு விற்றால் கருவாடு வரும் என்றார் ஒருவர். கொல்லிமலைப் பக்கம் விற்றால் மிளகு வரும் என்றார் இன்னொருவர். திருவண்ணாமலையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு முறுக்கு அனுப்ப வேண்டும், அந்தப் பக்கம் யாராவது கேட்டால் சொல்லு கண்ணு என்று செயலாளரின் சம்சாரம் வந்து கலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆளுக்கொரு வேண்டுதல், ஆளுக்கொரு பொட்டலம். வண்டி வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும், உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும், வாங்கினவர் வந்தால் பதில் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் கலாமணிதான். சென்னியப்பன் உயிரோடு இருந்தபோதாவது வருஷத்தில் இரண்டு தடவைதான் கதவைத் திறந்தாள். இப்போது வாரம் தவறாமல் திறந்தாள்.

வைகாசி போய் ஆனி வந்தது. மெர்சி மறுபடி போன் செய்தாள், குரலில் முன்னைப்போல் சிரிப்பு இல்லை.

கலாமணி ஒரு நாள் வழக்கமாவது மண்ணாவது என்று பையைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்று பார்த்து வண்டி வந்தது. வந்து, கதவு திறக்கவில்லை என்றதும் ஆரன் அடிக்கத் தொடங்கியது, அடித்தது அடித்தபடி நிற்கவேயில்லை, கைக்குழந்தைகள் வீரிட்டு அழுதன, சந்தையில் மாடுகள் தும்பை அறுத்துக்கொண்டன. சத்தம் கேட்ட பஸ் டிரைவர் ஊர் எல்லையிலேயே பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"அக்கா, எறங்கிக்கங்க. நீங்க போய்த் தொறந்தாத்தானுங்க அது வாய மூடும்."

"நான் டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றாள் கலாமணி.

"திருப்பிக் குடுத்தர்றேங்க்கா. எங்கம்மாளுக்கு மூட்டுவலித் தைலம் அந்தப் பெட்டிலதான் வருது. நீங்க இல்லீன்னா யாருங்க எடுத்துக் குடுப்பாங்க?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். ஒரு முகத்திலும் கோபமில்லை, எல்லாமே அன்பான முகங்கள், ஒருத்தி எழுந்து அவளுடைய பையைத் தானே தூக்கிக் கீழே இறக்கிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். வீடு வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே நாலு பேர் துணைக்கு வந்தார்கள், அந்தத் துணைதான் அவளுக்கு மூச்சு முட்டியது. அன்றிலிருந்து காலை பஸ்ஸில் அவள் ஏறினால் டிக்கெட் கொடுப்பதில்லை என்று ஆகிவிட்டது. யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆடி பிறப்பதற்குச் சில நாள் இருக்கையில் மதுரைக்காரர் ஒருவர் வண்டியை வாங்கிப் போனார். மறுநாள் காலை கலாமணி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஏதோ முனகுவதுபோல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், ஆணியில் தொங்கிய கற்றாழைக் கயிறு தொங்கவில்லை. அதன் ஒரு நுனி தெற்கே பார்த்து, அந்த நுனியில் மாடு நின்று இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி, அந்தரத்தில் விறைத்து நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. முழுசாகத் தளர்ந்து சுவரில் படிந்தபோது வெளிக்கதவுக்கு முன்னால் ஆரன் அடித்தது.

கதவைத் திறந்துவிட்டு அவள் நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள். மாரப்பன் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க கயித்த அவுத்து வெச்சுக்கறதுனாலதான் வண்டி திரும்பித் திரும்பி வருதுங்."

"தெரியும் அம்மிணி."

"தெரியுமா? எப்பருந்துங்?"

"மொதல்ல தெரியாது. பழக்கத்துல அவுத்தேன், கை அதுபாட்டுக்கு அவுத்துருச்சு. ரண்டாவது வாட்டி வந்து நின்னப்போ தெரிஞ்சுது." மாரப்பன் கன்றின் கழுத்தைத் தடவினார். "அவன் வந்து நிறுத்தற மாரியே இருக்குதம்மிணி. அதே மாரி மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு. இன்ஜின் சூடு கூட அதே சூடு. தொட்டுப் பாத்தேன். பையன் வந்துட்டான், உள்ள சாப்பிட்டுட்டு இருக்கறான்னு ஒரு நாழி நெனச்சுக்குவேன்."

கலாமணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளுக்குத் தன்னைப் பார்த்தும் பாவமாக இருந்தது.

"உங்களுக்கு மகன் வந்தாப்ல இருக்குதுங் மாமா. எனக்கு எப்பிடி இருக்குதுன்னு ஒரு நாளாச்சுங் கேட்டீங்களா? அவர் வர்றதும் நாந் தொறக்கறதும், அவர் போறதும் நாஞ் சாத்தறதும். அவர் செத்தும் எனக்கு அந்த வேலை முடியலீங். கயித்தக் குடுத்துருங்."

"குடுத்துட்டா நாளைக்கு விடிஞ்சு பாத்தா இங்க என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங் மாமா" என்றாள் அவள். சமாதானத்துக்காகக்கூட வேறு சொல்லவில்லை.

மாரப்பன் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "எவனோ வர்ற அந்நியன் கையில அந்தக் கயித்தக் குடுக்க எனக்குக் கை வராது" என்றார்.

"அப்ப எனக்கு வித்துருங்."

மாரப்பன் தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார். ஆயுசு முழுக்க மாடு வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்து, வாங்குவானா சும்மா கேட்கிறானா என்று கண்டுபிடித்தவர் அவர். வாங்குகிற முகம்தான் அது.

அடுத்த சந்தை நாளில், மாடுகளுக்கு நடுவே காரியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். விஷயம் தெரிந்து ஊரே கூடிவிட்டது. செயலாளர் முன்னால் வந்து, "மாரப்பண்ணா, இது ஊருக்குப் பொதுவாயிப்போன வண்டி. இத்தன பேரு நம்பி இருக்கறோம். கலாமணிக்கு என்ன கொறை வெச்சோம்? நாளும் பொழுதும் தாங்கிட்டுத்தான இருக்கறோம்?" என்றார்.

மாரப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் விரித்துப் போட்டு, கையை மருமகள் பக்கம் நீட்டினார். சந்தையே வாயை மூடிக்கொண்டது. துண்டு விழுந்துவிட்டால் விலை பேசுவது இரண்டு கைகள் மட்டும்தான், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துக் காட்டித்தான் பேசுவார்கள், முடியும்வரை மூன்றாம் ஆள் வாயைத் திறக்கக்கூடாது, முடிந்த வியாபாரத்தை யாரும் குலைக்கவும் கூடாது. எங்கள் சந்தையில் அதை மீறின ஆள் கிடையாது. துண்டுக்கு அடியில் ஒரு பெண்பிள்ளை கைவிட்டதும் கிடையாது. அதுவும் மாமனாரும் மருமகளும். கலாமணி கையைத் துடைத்துக்கொண்டு துண்டுக்குள் நுழைத்தாள்.

என்ன விலை முடிந்தது என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒன்றும் முடியவில்லை என்பதுதான் நிஜம். மாரப்பன் அவளுடைய ஒரு விரலையும் எண்ணவில்லை. கையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டார், பிடித்ததை விடவில்லை, அவள் இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றாள். வேடிக்கை பார்த்தவர்கள் பேரம் இழுபறியாகப் போகிறது என்று நினைத்தார்கள். கடைசியில் அவர் தலையை ஆட்டிக் கையை எடுத்தார். இடுப்பில் சுற்றியிருந்த கற்றாழைக் கயிற்றை அவிழ்த்து, எல்லாரும் பார்க்க, அவள் கையில் கொடுத்தார்.

"மாரப்பன் கயிறு குடுத்துட்டாரு" என்று சந்தையின் கோடி வரைக்கும் பேச்சுப் போனது.

கலாமணி பையோடு பின்சீட்டில்தான் முதலில் ஏறினாள். பாதிரியார் தைத்துக்கொடுத்த தோல் மெத்தென்று இருந்தது. இத்தனை வருஷம் ஆசைப்பட்ட இடம், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், வண்டி கிளம்பும் கிளம்பும் என்று ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி அசையவில்லை. எட்டுத் திக்கிலிருந்தும் தானாக ஓடி வந்த வண்டி, அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள், இறங்கினாள், பையைப் பின்சீட்டில் வைத்துக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டு முடிச்சாகப் போட்டாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மொபெட்டில் பால் கொண்டுபோய் ஊற்றிய பழக்கம்தான் அவளுக்கு உண்டு. கைப்பிடியைப் பிடித்ததும் இன்ஜின் உறுமியது.

"போய்ச் சேந்ததும் ஒரு போனு பண்ணு அம்மிணி" என்றார் மாரப்பன்.

அவள் தலையை ஆட்டினாள். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள், மனசில்லாமல்தான் விட்டார்கள், செயலாளரின் சம்சாரம் மட்டும் ஓடிப்போய் முறுக்குப் பொட்டலத்தைப் பெட்டியில் போட்டு, "நீயே தின்னு கண்ணு" என்றாள். மாட்டாஸ்பத்திரி வளைவு வரைக்கும் சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஆனாலும் ஊர் லேசில் நம்பிவிடுமா? அன்று சாயந்திரம் விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் காத்திருந்தார்கள். நாச்சிமுத்து பாலை அடுப்பிலேயே வைத்திருந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் மாரப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தார். மெர்சியின் போனிலிருந்து கலாமணி பேசினாள். பின்னால் இரைச்சலாக இருக்கிறதே என்று கேட்டார், கடலுங் மாமா என்றாள்.

போனை வைத்துவிட்டு அவர் எழுந்துபோய்க் கட்டுத்தரையைப் பார்த்தார். காரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது, வேறொன்றும் இல்லை. வாசலுக்கு வந்து வெளிக்கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு சட்டையைக் கழற்றி, இத்தனை நாள் கயிறு தொங்கிய ஆணியில் மாட்டினார்.